பழைய காரின் பெருமூச்சு

பழைய மோட்டார் கார் உள்ள வீடுகளில் அதற்கு ஒரு தனி அந்தஸ்து உண்டு. வீட்டுப் பாட்டியைப் போல் அது எல்லோருக்கும் மூத்தது. பாட்டியைப் போலவே காலையில் எழுந்திருக்கும்போது சற்று இருமும். ஆனாலும் அதை விற்றுவிடலாம் என்று யாராவது பேச்செடுத்தால் வீட்டில் பிரளயமே உண்டாகிவிடும். ஆயுத பூஜை தினத்தில் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித் திருஷ்டி கழிக்கிறோம். உடம்பைப் பளபளவென்று துடைக்கிறோம்; டயருக்குக் காற்று அடிக்கிறோம்; எஞ்ஜினுக்கு எண்ணெய் மாற்றுகிறோம். ஆனால் சற்றே குனிந்து, வண்டியின் வயிற்றுக்கு அடியில் முன்னிருந்து பின்னாகப் போகும் அந்த நீண்ட இரும்புக் குழாய் எந்த நிலைமையில் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

அந்தக் குழாய்த் தொடர் முழுவதையும் நம் ஊரில் 'ஸைலன்ஸர்' என்றே சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயரே நம்மை ஒருவிதத்தில் ஏமாற்றுகிறது. சத்தத்தை அடக்குவதுதான் அதன் வேலை என்றும், ஓட்டை விழுந்தால் சத்தம் கொஞ்சம் அதிகமாகுமே தவிர வேறு நஷ்டமில்லை என்றும் எண்ணச் செய்கிறது. உண்மையில் அதற்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. எஞ்ஜினிலிருந்து வரும் விஷ வாயுவை, வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பின்னால் விடுவது முதல் வேலை. சத்தத்தை அடக்குவது இரண்டாவது. எஞ்ஜின் தாராளமாக மூச்சு விடுவதற்கு வழி செய்வது மூன்றாவது. ரிப்பேர் செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை நினைக்கிறார்கள். வாலிபர்கள் மூன்றாவதை நினைக்கிறார்கள். உயிர் நிற்பதும் போவதும் முதலாவதைப் பொறுத்தது என்பதை நினைவூட்டுவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

விநாடிக்கு நூறு வெடி

நம் தேசத்தில் எல்லோரும் அறிந்த அம்பாஸடர் காரையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை மாதிரியாகக் கொண்டு, கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியில் அது தயாராக ஆரம்பித்தது. மந்திரிகளையும், ஜில்லாக் கலெக்டர்களையும், கல்யாண மாப்பிள்ளைகளையும் பாரபட்சமின்றிச் சுமந்து, 2014-ஆம் வருஷம் மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. ஆயினும் அதைப் போற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

அந்த வண்டியில் வெகுகாலம் பொருத்தப்பட்டிருந்த பெட்ரோல் எஞ்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். கொள்ளளவு 1,489 கன சென்டிமீட்டர். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது, அதை அழுத்துகிறது, எரிக்கிறது, எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. எஞ்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் விநாடிக்கு நூறு முறை இவ்வாறு புகை வெளியே பாய்கிறது. தீபாவளிச் சரவெடி ஒன்றை இரும்புக் குழாய்க்குள்ளே, இடைவிடாமல், மணிக்கணக்காகக் கொளுத்திக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இந்தச் சரவெடி முதலில் மானிபோல்டு என்னும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாய்க்குள் வருகிறது. அதற்கும் எஞ்ஜினுக்கும் நடுவே கேஸ்கட் என்னும் தகடு இருக்கிறது. பிறகு கீழ்நோக்கி வளைந்த முன்குழாய். பிறகு ஸைலன்ஸர்ப் பெட்டி. கடைசியில் வால் குழாய். இவையனைத்தும் வண்டியின் அடியில் ரப்பர்த் துண்டுகளினால் ஊஞ்சலைப் போல் தொங்கவிடப்பட்டிருக்கின்றன.

பெட்டிக்குள் நடப்பது வேடிக்கையானது. குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் புகுந்ததும் வாயு விரிந்து வேகம் தணிகிறது. உள்ளேயுள்ள தடுப்புச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி அலை, எதிரே வரும் அலையோடு சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. வாய் குறுகிய குடத்தின் விளிம்பில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் எழுகிறதல்லவா? அந்தத் தத்துவத்தையே தலைகீழாகப் பயன்படுத்தி, குறிப்பிட்ட ஸ்வரத்தை விழுங்கிவிடும் சிற்றறைகளையும் சில பெட்டிகளுக்குள் அமைக்கிறார்கள்.

இந்தக் கலையின் சரித்திரத்தில் ஒரு விசித்திரமும் உண்டு. 1884-இல் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹிராம் மாக்ஸிம் என்பவருக்குத் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே காது மந்தமாகிவிட்டது. அவருடைய குமாரர் ஹிராம் பெர்ஸி மாக்ஸிம் என்ன செய்தார் தெரியுமா? துப்பாக்கியின் சத்தத்தை அடக்கும் கருவிக்கு 1909-இல் உரிமைச் சாஸனம் பெற்றார்! மோட்டார் கார்த் தொழிலிலும் ஈடுபட்டிருந்தவர் அவர். அவருடைய கம்பெனி பின்னால் எஞ்ஜின்களுக்கும் ஸைலன்ஸர் செய்து விற்றது. தகப்பனார் உலகத்தில் கிளப்பிவிட்ட சத்தத்தில் ஒரு பகுதியையாவது பிள்ளை அடக்கினார் என்று சொல்லலாம்.

உள்ளிருந்து வரும் துரு

ஸைலன்ஸர் துருப்பிடிப்பதற்கு மழையும் சேறுமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வெளிப்புறத்தை அரிப்பது உண்மைதான். ஆனால் பெரிய சத்துரு உள்ளேயே இருக்கிறான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், ஒரு லிட்டருக்குச் சற்றே குறைவான ஜலம் ஆவியாக உண்டாகிறது! பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடுவதன் விளைவு இது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடேறி அந்த ஆவி வெளியே போய்விடும். பக்கத்துத் தெருக் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டுமே போய்வரும் வண்டியிலோ, பெட்டி சூடேறுவதற்கு முன்பே எஞ்ஜின் நின்றுவிடுகிறது. ஆவி குளிர்ந்து ஜலமாகிப் பெட்டியின் அடியில் தேங்குகிறது. புகையிலுள்ள அமிலங்களும் அதில் கரைகின்றன. இப்படியாக, 'எங்கள் வண்டி அதிகம் ஓடுவதே இல்லை' என்று பெருமையாகச் சொல்லப்படும் வண்டியின் ஸைலன்ஸர்தான் முதலில் ஓட்டையாகிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. பதினைந்து நாளைக்கு ஒரு முறையாவது வண்டியை அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு வர வேண்டும். சில பெட்டிகளின் அடியில் ஜலம் வடிவதற்கென்றே ஊசித் துவாரம் ஒன்று வைத்திருப்பார்கள். அதை ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடக் கூடாது.

வாசனையில்லாத எமன்

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எஞ்ஜின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணையும் மூக்கையும் உறுத்துவதுமில்லை. நம் ரத்தத்திலுள்ள ஹீமோக்ளோபினை அது பற்றிக்கொள்ளும் பலம், ஆக்ஸிஜனுக்கு உள்ளதைப் போல் இருநூறு மடங்குக்கும் அதிகம். வீட்டுச் சொந்தக்காரர் உட்கார வேண்டிய நாற்காலியில் வழிப்போக்கன் ஒருவன் வந்து உட்கார்ந்து எழுந்திருக்க மறுப்பதுபோல், ஆக்ஸிஜனுக்கு உரிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது.

காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இந்த வாயு கலந்தால், ஓரிரண்டு மணி நேரத்தில் உயிருக்கே அபாயம். 2000-ஆம் வருஷத்துக்கு முற்பட்ட பெட்ரோல் கார்களின் புகைப் பரீட்சையில், நூற்றுக்கு மூன்று பங்கு வரையில் அது இருக்கலாம் என்று நமது சட்டமே அனுமதிக்கிறது. அதாவது, சட்டப்படி ஒழுங்காக இருக்கும் பழைய காரின் புகையிலேயே அபாய அளவைப்போல் முப்பது மடங்கு இருக்கலாம். கார்புரேட்டர் சீர்கெட்டிருந்தால் அதற்கும் மேல்.

முன்காலத்தில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் கானரிக் குருவியைக் கூண்டில் எடுத்துச் செல்வார்கள். ஜே.எஸ். ஹால்டேன் என்னும் விஞ்ஞானி சொன்ன யோசனை அது. சிறு பிராணி வேகமாக மூச்சு விடுவதால் மனிதருக்கு முன்பே மயங்கிவிழுந்து எச்சரிக்கும். 1986 வரையில் அந்த வழக்கம் நீடித்தது. நம் காரில் குருவி கிடையாது. பின் ஸீட்டில் குழந்தைதான் இருக்கிறது. குழந்தையும் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

பின்புறம் போகும் புகை உள்ளே எப்படி வரும் என்று கேட்கலாம். வண்டி ஓடும்போது அதன் முதுகுப் புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. அந்த இடத்தில் சுழலும் புகை, டிக்கி மூடியின் ரப்பர் நைந்திருந்தால் அந்த வழியாகவும், பின் ஜன்னல் வழியாகவும் உள்ளே இழுக்கப்படும். நடுக்குழாயில் ஓட்டை விழுந்தால், காலடித் தகட்டின் துருத் துவாரங்களே அதற்கு ராஜபாட்டை. மானிபோல்டில் கசிந்தால், எஞ்ஜின் அறைக்கும் நமக்கும் நடுவேயுள்ள தகட்டில் ஒயர்கள் நுழையும் துளைகளின் வழியாக வரும். ஆகவே ஸைலன்ஸரைச் சீர்திருத்தும் தினத்திலேயே, வண்டியின் தரையையும், துளைகளின் ரப்பர் அடைப்புகளையும், டிக்கி ரப்பரையும் பார்த்துவிட வேண்டும். வால் குழாய் வண்டியின் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் அவசியம். நுனி துருப்பிடித்துவிட்டதென்று அதைக் குட்டையாக வெட்டிவிடுவது பெரும் பிழை.

நெடும் பிரயாணத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம் உண்டானால், 'வெயில்தான் காரணம்', 'பித்தம்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். உடனே வண்டியை நிறுத்தி, எல்லோரும் இறங்கிக் காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். யாராவது மயங்கினால் 108-க்குச் சொல்லி, கார்ப் புகை என்ற சந்தேகத்தையும் சேர்த்துத் தெரிவியுங்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்திலுள்ள விஷம் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். வைத்தியசாலையில் சுத்தமான ஆக்ஸிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரைப் பல வீடுகளில் வாங்கி வைத்திருக்கிறோம். இந்த விஷத்தில் அது நம்மைக் கைவிட்டுவிடும். ஆக்ஸிஜனையும் இந்த வாயுவையும் அதனால் பிரித்தறிய முடியாது. ஆகையால் '98' என்று காட்டிக்கொண்டேயிருக்கும்.

எஞ்ஜினை ஓடவிட்டு, ஏஸி போட்டுக்கொண்டு, நின்ற வண்டியில் தூங்குவதும், மூடிய கொட்டகைக்குள் எஞ்ஜினைச் சூடுபண்ணுவதும் எந்த வண்டியிலும் ஆகாது. பழைய வண்டியில் ஒருகாலும் ஆகாது.

நோயறிதல்

வண்டி வெட்டவெளியில் நிற்க வேண்டும். குழாய் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. உறுதியான தாங்கிகளின் மேல் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே குனிய வேண்டும்.

இணைப்புகளில் கரிப்படலம் படிந்திருந்தால் அங்கே கசிவு என்று தீர்மானிக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் நின்றுவிடுகிறதா? மானிபோல்டு கேஸ்கட்டின் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். பெட்டியைக் கையால் தட்டும்போது உள்ளே கலகலவென்று ஓசை கேட்டால் தடுப்புகள் உதிர்ந்துவிட்டன என்று அர்த்தம். ஊசித் துவாரம் போன்ற கசிவுகளுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: எஞ்ஜினை நிறுத்திய நிலையில், தூசி ஊதும் யந்திரத்தால் வால் குழாய்க்குள் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். கசியும் இடத்தில் குமிழி எழும்பும். சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்க்கும் அதே வித்தைதான்.

ஒட்டா, மாற்றா?

பட்டறையில் அடிக்கடி நடக்கும் சம்பாஷணை ஒன்று:

"என்னப்பா, ஒரு ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிடேன்."

"ஸார், போட்டால் போடலாம். பக்கத்திலேயே நாளைக்கு ஓட்டை விழும். தகடு காகிதமாக இருக்கிறதே!"

இப்படிச் சொல்லும் மெக்கானிக் நல்லவர், அவரை விடாதீர்கள். நல்ல கனமுள்ள குழாயில் கல் பட்டு ஒரு பிளவு ஏற்பட்டிருந்தால் வெல்டிங் செய்வது நியாயமே. உள்ளிருந்து துருவால் மெலிந்த பெட்டிக்கு ஒட்டுப் போடுவது, நைந்த வேஷ்டிக்குப் புதுத் துணியில் ஒட்டுப் போடுவது போலாகும். பசையும் சுற்றுப் பட்டையும் ஊருக்குப் போய்ச் சேரும் வரைக்குமான வைத்தியம். வெல்டிங் செய்வதானால் பாட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் தொட்டிக்கும் குழாய்க்கும் அருகில் நெருப்புப் பொறி போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மானிபோல்டின் நட்டுகள் வருஷக்கணக்காக வெந்து இறுகியிருக்கும். அவற்றை முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் முறிந்துபோகும். பத்து ரூபாய் வேலை பத்தாயிரத்தில் முடியும். முந்தின நாளே துருவிளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைப்பது உத்தமம். திரும்பப் பூட்டும்போது பித்தளை நட்டுகளைப் போட்டால், இரும்போடு இரும்பு பற்றிக்கொள்ளும் தொல்லை அடுத்த முறை இராது. பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய விஷம். உலர்ந்த நிலையில் சுரண்டாமல், ஈரப்படுத்தி எடுத்து, உறையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

புதிய குழாயை மாட்டும்போது எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாகப் பொருத்தி, எங்கும் உடலில் இடிக்காமல் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, முன்னிருந்து பின்னாக முறுக்கிக்கொண்டு வர வேண்டும். சில நாள் ஓடியபின் மறுபடியும் ஒரு முறுக்கு அவசியம். எல்லாவற்றிலும் முக்கியம், தொங்கு ரப்பர்கள். அறுந்த ரப்பருக்குப் பதில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுவது நம் பட்டறைகளில் சர்வசாதாரணம். எஞ்ஜின் தன் ரப்பர்ப் பீடத்தில் ஆடும்போது குழாயும் கூடவே ஆட வேண்டும். அதைக் கம்பியால் கட்டிப்போட்டால் அந்த ஆட்டமெல்லாம் மானிபோல்டு இணைப்பில் போய்த் தாக்கி அங்கே விரிசல் உண்டாக்கும். சில ரூபாய் ரப்பரை மிச்சம் பிடித்து மானிபோல்டையே பறிகொடுத்தவர்கள் உண்டு.

எது அபிவிருத்தி?

'மாற்றுவதுதான் மாற்றுகிறோம், இன்னும் உயர்ந்ததாகவே போட்டால் என்ன?' என்ற கேள்வி நியாயமானது. உலோகத்தில் உயர்த்துவது புத்திசாலித்தனம். அலுமினியப் பூச்சுள்ள எஃகு சாதாரண எஃகைவிட அதிக நாள் உழைக்கும். துருவேறா எஃகு அதற்கும் மேல். ஷெபீல்டு நகரில் ஹாரி ப்ரேர்லி என்பவர் 1913-இல், அரிமானம் தாங்கும் துப்பாக்கிக் குழல் உலோகத்தைத் தேடும்போது கண்டதே இந்தத் துருவேறா எஃகு. மாக்ஸிம் குடும்பத்தை அடுத்து, துப்பாக்கியிலிருந்து ஸைலன்ஸருக்குக் கிடைத்த இரண்டாவது நன்மை இது!

குழாயின் விட்டத்தைப் பெரிதாக்குவது வேறு சமாசாரம். பெரிய குழாய் போட்டால் வண்டி பறக்கும் என்று வாலிபர்கள் நம்புகிறார்கள். மேலே சொன்ன அம்பாஸடர் எஞ்ஜினில் நான்கு சிலிண்டர்களின் புகைக்கு மூன்றே வாயில்கள். நடு இரண்டு சிலிண்டர்களும் ஒரே வாயிலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வாசற்படி குறுகலாக இருக்கும்போது தெருவை அகலப்படுத்தி என்ன பயன்? அது மட்டுமல்ல, சரியான விட்டமுள்ள குழாயில் வேகமாக ஓடும் ஒரு புகைத் துடிப்பு, தனக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்து அடுத்ததை இழுத்துவிடுகிறது. குழாய் அளவுக்கு மீறி அகன்றால் அந்த வேகம் மந்தித்துப்போகும். லாபமாகக் கிடைப்பது சத்தம் ஒன்றுதான்.

சத்தத்துக்கோ சட்டம் குறுக்கே நிற்கிறது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஒவ்வொரு வாகனத்திலும் சத்தத்தைக் குறைக்கும் சாதனம் இருந்தே தீர வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட சட்டம், சத்த விதியையும் புகை விதியையும் மீறுவோருக்குப் பதினாயிரம் ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க இடங்கொடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும், எதிர்வீட்டில் ஜுரத்தோடு படுத்திருப்பவரும், பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணும் நம்மை என்ன நினைப்பார்கள்?

1995-க்குப் பிறகு வந்த கார்கள் பலவற்றில் விஷவாயுவைக் குறைக்கும் காடலிடிக் கன்வர்ட்டர் என்னும் பெட்டியும் இருக்கிறது. இப்போது அவையும் பழைய கார்களாகிவிட்டன. 'அதைக் கழற்றினால் பெட்ரோல் மிச்சமாகும்' என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். புதிதாக மாற்றும் செலவு அதிகந்தான். ஆனால் அந்தச் செலவை மிச்சம் பிடித்தால், பாக்கியைத் தெருவிலே நடக்கிறவர்களின் நுரையீரல் கட்டுகிறது.

பணத்தை எங்கே செலவிடலாம் என்று நம்மைக் கேட்டால், வரிசையாகச் சொல்வோம்: முதலில் கசிவில்லாத முழுக் குழாய், அடுத்தாற்போல் புதிய ரப்பர்களும் கேஸ்கட்டுகளும், பிறகு தரைத் தகடும் டிக்கி ரப்பரும், அதற்குப் பின் கார்புரேட்டரைச் சீர்படுத்துவது. மிச்சமிருந்தால் கார்பன் மோனாக்ஸைடைக் கண்டுபிடித்துக் கூவும் சிறு கருவி ஒன்று வாங்கிப் பின் ஸீட்டுக்கு அருகில் வையுங்கள். இந்தக் காலத்துக் கானரிக் குருவி அதுதான். அதற்குத் தீனி, பாட்டரி மட்டுமே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியைத் துடைத்து முடித்த பிறகு, ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்புறம் சற்றுக் குனிந்து பாருங்கள். அதற்குப் பத்து நிமிஷம் போதும். மாலையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு புறப்படும்போது உங்கள் மனம் நிம்மதியாக இருக்கும்.